மாதவராஜின் தூக்கம்

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தபோது மாதவராஜ் தூங்கிப்போனான்.

மூன்று நொடி இருக்கும். கண் மூடியது அவனுக்குத் தெரியாது, திறந்ததுதான் தெரிந்தது. இடது பக்கச் சக்கரங்கள் தார் ரோட்டை விட்டு இறங்கிச் சரளையில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். "தம்பி! தம்பி!" ஸ்டியரிங்கை வலது பக்கம் வளைத்தான். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே உரசாத குறையாகத் தாண்டிப் போனது. ராட்டினத்தில் ஏறியதுபோலப் பிள்ளைகள் 'ஹோ'வென்று கத்திச் சிரித்தார்கள்.

"நாய் குறுக்க வந்திருச்சு" என்றான் மாதவராஜ், யாரும் கேட்காமலேயே.

தோளைப் பிடித்த குள்ளம்மாள் கையை எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்காக பஸ்ஸிலேயே கூட வருகிறவள் அவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாயெல்லாம் எதுவும் வல்ல தம்பி" என்றாள்.

இன்னும் மூன்று கிலோமீட்டரில் தொப்பூர் இறக்கம். அங்கே லாரிகள் கவிழ்ந்து கிடப்பதை அவன் எத்தனையோ தடவை பார்த்தவன். இந்த மூன்று நொடி அங்கே வந்திருந்தால்? அந்த நினைப்பை முழுசாக நினைக்கவிடாமல் கியரை மாற்றினான். கண்ணாடியில் பார்த்தான். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அவன் மகள் மேனகா மடியில் நோட்டை விரித்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்பு. பஸ் குலுங்கியதில் பேனா இழுத்துக்கொண்டது போலிருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

மாதவராஜுக்கு வயது நாற்பத்துநாலு. எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. கல்யாணத்தின்போது அறுபத்திரண்டு. நடுவில் பன்னிரண்டு வருஷம் சேலத்துக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டினான். ராத்திரி முழுக்க வண்டி, விடியும்போது ரோட்டோரக் கடையில் நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட், அப்புறம் கேபினிலேயே படுக்கை. ஒரே நாளிலா பருத்தான்? பெல்ட்டில் ஓர் ஓட்டை தள்ளிப் போட்டான், அடுத்த வருஷம் இன்னொன்று, அப்புறம் புது பெல்ட். மேனகா ஆறாம் வகுப்புக்கு வந்ததும் லாரியை விட்டுவிட்டு, அதியமான்கோட்டைப் பக்கம் இருக்கிற தனியார் பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவராகச் சேர்ந்தான். வேலை செய்கிறவரின் பிள்ளை என்று மேனகாவுக்கும் அங்கேயே சலுகையில் இடம் கிடைத்தது. தொப்பூருக்குக் கீழே இருக்கும் அவன் வீட்டு வாசலில்தான் பஸ் இரவெல்லாம் நிற்கும். காலையில் முதலில் ஏறுகிறவளும் சாயங்காலம் கடைசியில் இறங்குகிறவளும் மேனகாதான். அவன் வேலை போனால் அந்தப் படிப்பும் போகும். அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

டிரைவர் சீட்டைப் பின்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளியாகிவிட்டது. இருந்தும் ஸ்டியரிங் வயிற்றில் உரசும். சீட் பெல்ட் எட்டாது. போலீஸ் நிற்கிற இடத்தில் மட்டும் அதன் நுனியை இழுத்துத் தொடைக்கு அடியில் சொருகிக்கொள்வான். "டிரைவர் மாமா வயித்தாலதான் வண்டி ஓட்டுவாரு" என்று சின்னப் பிள்ளைகள் சொல்லும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்த சீட்டிலிருந்து இறங்கும்போது மட்டும் யாரும் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று நினைப்பான். கதவுக் கம்பியைப் பிடித்து, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டு, மூச்சை அடக்கி, உடம்பு முழுவதையும் ஒரு மூட்டையைப்போல உருட்டித்தான் இறங்கவேண்டும்.

தூக்கம்தான் அவனுக்குப் புரியவில்லை. ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறான், ஐந்து மணிக்கு எழுகிறான். அப்படியும் காலையில் மண்டை கல்லாகக் கனக்கிறது. மதியம் சாப்பிட்டால் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல இருக்கிறது. விழித்திருப்பதற்காக டீ, டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை, கூடவே ஒரு போண்டா. பசி எந்நேரமும் இருந்தது.

மறுநாள் காலையில் அவன் மனைவி எழிலரசி அடுப்பங்கரையிலிருந்து செல்போனோடு வந்தாள். "ஏங்க, இதக் கேளுங்க. போன வாரம் நீங்க தூங்கறப்ப புடிச்சது."

முதலில் குறட்டை. ரம்பம் அறுப்பதுபோல. அப்புறம் ஒன்றுமே இல்லை. போன் நின்றுவிட்டது என்று நினைத்தான். நொடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இருபது. இருபத்தைந்து. திடீரென்று தண்ணீரில் மூழ்கியவன் மேலே வந்ததுபோல ஒரு பெரிய இழுப்பு, மறுபடியும் ரம்பம்.

"இது நானா?"

"பின்ன யாரு? மூச்சு நிக்கறப்பல்லாம் நான் எண்ணிக்கினு கெடக்கறன். முப்பதத் தாண்டுனா உங்கள உலுக்குவன். எனக்கு ஒரு வருசமா தூக்கம் இல்லைங்க."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸைத் துடைக்கப் போனான். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வருவதற்குள் குள்ளம்மாள் அவனைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன நாளா இது?"

"நேத்து மட்டுந்தாங்கக்கா."

"என்கிட்டயே பொய் சொல்லாத. போன மாசமே ரெண்டு தடவ உன் தல ஆடுச்சு. நான் எங் கண்ணுதான் மங்கல்னு நெனச்சுக்கினன்."

அவள் புருஷன் செத்துப்போய் வழியில்லாமல் நின்றபோது, கரஸ்பாண்டெண்ட் வெங்கடாசலத்திடம் பேசி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் மாதவராஜ். அதை அவள் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அவளே ஒரு முடிவைச் சொன்னாள். "சொன்னா உன் பொழப்பு போவும். சொல்லாம இருந்தா என் நெஞ்சு வேவும். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. அதுவரைக்கும் நான் உன் பக்கத்துல ஒக்காந்து பேசிக்கினே வரன். நீ 'உம்' கொட்டிக்கினே ஓட்டு. 'உம்' நின்னா கிள்ளுவன்."

அப்படியே செய்தாள். என்ஜின் பெட்டியின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரேஷன் கடையில் நடந்தது, மருமகள் சொன்னது, டிவி சீரியலில் வந்தது என்று வாய் ஓயாமல் பேசினாள். சொன்னதையே மறுபடியும் சொன்னாள். அவன் 'உம்' கொட்டினான். நின்றபோது கிள்ளினாள். இடது கையில் முழங்கைக்கு மேலே கன்றிப்போன தடங்களைப் பார்த்து எழிலரசி கேட்டாள். கதவு இடித்துவிட்டது என்றான். ஒரு பொய்க்குப் பாதுகாப்பாக இன்னொரு பொய், அதற்கு ஒன்று. நாய், கதவு என்று அடுக்கிக்கொண்டே போனான்.

எழிலரசி விடவில்லை. ஒரு சனிக்கிழமை தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். எடை போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்க்கிற பட்டை அவன் கைக்குப் பத்தாமல் இன்னொரு அறையிலிருந்து பெரிசாக ஒன்று கொண்டுவந்தார்கள். டாக்டர் சுமலதா முப்பது வயதுப் பெண். எல்லோரும் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். அவள் டேப்பை எடுத்து அவன் கழுத்தை அளந்தாள்.

"நாப்பத்தாறு சென்டிமீட்டர்" என்று எழுதிக்கொண்டாள். "ராத்திரி ஒண்ணுக்கு எத்தன தடவ எழுந்திரிக்கறீங்க?"

"நாலஞ்சு தடவைங்க."

"காலைல தலவலி?"

"இருக்குதுங்க."

எழிலரசி போனைப் போட்டுக் காட்டினாள். டாக்டர் முழுசாகக் கேட்டாள்.

"நாக்குக்கு அடியிலயும் தொண்டைக்குள்ளயும் கொழுப்பு சேந்திருக்குங்க. படுத்தா மூச்சுக்குழாய் மூடிக்குது. மூச்சு நின்னதும் மூளை பயந்து உங்கள எழுப்பி விடுது. எழுந்தது உங்களுக்கே தெரியாது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் நீங்க தூங்கவே இல்லைன்னு அர்த்தம். அதனால பிரஷர் ஏறுது. சுகரும் இரநூத்தி அறுபது இருக்கு, மாத்திர எழுதறன். தூக்கம் கெட்டா பசி அதிகமாவும், எடை ஏறும். எடை ஏறுனா மூச்சு இன்னும் அடைக்கும்."

"அப்ப இதுலருந்து வெளிய வரவே முடியாதாங்க?"

"ஏன் முடியாது? ஒரு ராத்திரி இங்க வந்து படுங்க, டெஸ்ட் எடுத்திடலாம். மூச்சு அடைக்காம இருக்க ஒரு மெஷின் இருக்கு, முகத்துல மாட்டிக்கிட்டுத் தூங்கணும். பத்துக் கிலோ கொறைச்சாலே உங்களுக்கே வித்தியாசம் தெரியும். நாப்பது வயசுல வந்த சுகர் அம்பதுல கிட்னியத் தொடறத நான் தெனமும் பாக்கறன். இப்பவே புடிச்சா நிறுத்திடலாம்." பேனாவை எடுத்தாள். "என்ன வேலை பாக்கறீங்க?"

எழிலரசி வாயைத் திறப்பதற்குள் மாதவராஜ் முந்திக்கொண்டான். "விவசாயங்க."

"வண்டி ஓட்டுவீங்களா?"

"டிவிஎஸ் மட்டுங்க. சந்தைக்குப் போவ."

"அதக்கூட ஓட்டாதீங்க. இந்த வியாதி இருக்கறவங்க கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிடுவாங்க. டெஸ்ட் முடிஞ்சு மெஷின் போட்டு சரியாகற வரைக்கும் எதையும் ஓட்டக் கூடாது."

வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் எழிலரசி கேட்டாள். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"டிரைவர்னு சொன்னா எழுதிடுவாங்க. எழுதுனா, எஃப்.சி. பாஸாகாத வண்டி மாதிரி நானும் ரோட்டுக்கு லாயக்கில்லைன்னு ஒரு பேப்பர் வந்திரும். மேனகா பன்னெண்டாவது முடிக்கட்டும். இன்னும் ஒன்ற வருசம். அதுவரைக்கும் எப்படியாச்சும் ஓட்டிடறன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இருந்ததால் அவளும் இதற்குள் வந்துவிட்டாள். டெஸ்டுக்கான சீட்டை அவன் நாலாக மடித்து பஸ்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தான். அந்தத் தேதி வந்தது, போனது.

சும்மா இருந்தான் என்று சொல்ல முடியாது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டான். பரோட்டாவை விட்டான், டீயில் சர்க்கரையை விட்டான். காலையில் ஒரு கை அளவு களியும் கீரையும், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் ஏரிக்கரையில் நடந்தான். முதல் நாள் ஐந்நூறு அடியில் முழங்கால் கெஞ்சியது, மூச்சு வாங்கி வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. எழிலரசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவனுக்குக் கணக்கு தெரியும். எடை குறைய மாதக்கணக்காகும். தூக்கம் இன்றைக்கு நாலரை மணிக்கே வரும்.

ஒவ்வொரு சாயங்காலமும் அந்த இறக்கத்தில் பிள்ளைகளின் சத்தத்தையும் குள்ளம்மாளின் பேச்சையும் கேட்டுக்கொண்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, இரண்டாவது கியரில் இறக்குவான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது சட்டை முழுக்க நனைந்திருக்கும். இன்றைக்குத் தப்பித்தோம் என்று இருக்கும். உடனே நாளைக்கு என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வாசலில் நிற்கிற பஸ்ஸைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முன் கண்ணாடி வழியாக அது தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை குள்ளம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் போன் செய்தாள். எழுந்து நிற்க முடியவில்லை என்றாள். "நீயும் லீவு போடு தம்பி. உங்காலப் புடிச்சுக் கேக்கறன்."

கேட்டான். வெங்கடாசலம் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு டிரைவர் ஏற்கனவே லீவுல இருக்காங்க மாதவராஜ். ஆயா இல்லைன்னா என்ன, பெரிய பொண்ணுங்க சின்னதுகளப் பாத்துக்கும்."

காலையில் போவது ஏற்றம், வெயில் முகத்தில் அடிக்கும், சமாளித்துவிட்டான். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிப் பத்து நிமிஷத்தில் கண் எரிந்தது. மிளகாயைக் கடித்தான். ஜன்னலைத் திறந்துவிட்டான். தானாகவே ஏதோ பேசிப் பார்த்தான். பின்னால் பிள்ளைகள் அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் பார்த்தால் வலது பக்கம் ஒரு கல்யாண மண்டபம் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மேம்பாலம், ஒரு வளைவு எல்லாம் உண்டு. அவற்றைத் தாண்டியது அவனுக்கு நினைவே இல்லை. இரண்டு கிலோமீட்டர். யார் ஓட்டியது?

கண்ணாடியில் மேனகாவைத் தேடினான். அவளைக் கூப்பிட்டு என்ஜின் பெட்டிமேல் உட்காரச் சொல்லலாம். பேசச் சொல்லலாம். "மேனகா" என்று வாயைத் திறந்தேவிட்டான். பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட அவனால் முடியவில்லை. இனிமேல் இவள் என்னைக் கிள்ளிக்கொண்டே வருவாளா என்று நினைத்தான்.

இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால், லாரிக்காரர்கள் பிரேக்கைப் பார்த்துக்கொள்ள ஒதுங்கும் அகலமான இடம் ஒன்று உண்டு. இண்டிகேட்டரைப் போட்டான். பஸ்ஸை ஒதுக்கி நிறுத்தினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு சீட்டிலிருந்து உருண்டு இறங்கி, சுற்றிவந்து படி ஏறி மூன்றாவது வரிசைக்குப் போனான்.

"மேனகா, இத வெச்சுக்க. யாரு கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத."

"என்னாச்சுப்பா?"

"தூக்கம் வருதும்மா."

பக்கத்து சீட்டுப் பெண் களுக்கென்று சிரித்தாள். மேனகா சிரிக்கவில்லை. சாவியை வாங்கிப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

கீழே இறங்கி வெங்கடாசலத்துக்குப் போன் செய்தான். "சார், என்னால எறக்கத்துல ஓட்ட முடியாதுங்க. வேற டிரைவர அனுப்புங்க."

"வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லா இருக்குதுங்க. எனக்குத்தாங்க ரிப்பேரு. ஓட்டறப்பவே தூங்கிடறங்க."

"குடிச்சிருக்கியா?" என்றார் வெங்கடாசலம்.

அரைமணி நேரத்தில் அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரிய பிள்ளைகள் யாரோ வீட்டுக்குப் போன் செய்துவிட்டார்கள். டூவீலரில் வந்த பெற்றவர்களில் முதலில் வந்தவன் மதியழகன். அவன் பையன் நாலாம் வகுப்பு. வந்த வேகத்தில் மாதவராஜின் சட்டைக் காலரைப் பிடித்தான். "எங்கடா ஊத்திக்கினு வந்த? எங்க புள்ளைங்கள கொல்றதுக்கா?" ரோட்டில் ரோந்து வந்த போலீஸ் ஜீப் நின்றது. ஊதச் சொன்னார்கள். ஊதினான். இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள். ஊதினான். எஸ்.ஐ. கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சைபர்" என்றார்.

கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குடித்திருந்தால் நாலு அடி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். "பின்ன என்னா எழவு?" என்றான் மதியழகன், காலரை விடாமல்.

"வியாதிங்க. ராத்திரி மூச்சு நின்னு நின்னு போவுது. அதனால பகல்ல தூங்கிடறன்."

"தின்னு தின்னு ஒடம்ப வளத்துட்டு வியாதியாம்" என்று யாரோ ஒருத்தர் பின்னாலிருந்து சொன்னார். சிரிப்பு எழுந்தது. பஸ் ஜன்னல்களில் முப்பத்தெட்டு முகங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அதில் மேனகாவின் முகம் எது என்று பார்க்க அவன் தலையைத் தூக்கவில்லை. ஓடிப்போய்விடலாம் என்றால் பத்தடிகூட ஓட முடியாத உடம்பு. அப்படியே நின்றான்.

வேறு ரூட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆரோக்கியராஜ் என்கிற டிரைவர் வந்து சேர ஆறு மணி ஆனது. சாவி கேட்டதற்கு மேனகா கொடுக்கவில்லை. ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையாட்டிய பிறகுதான் கையை நீட்டினாள். மாதவராஜ் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் முன் சீட்டில் இடித்தன. பஸ் இறக்கத்தில் இறங்கியது. வழி நெடுக அவன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

வீட்டில் மேனகா பையை வைத்துவிட்டு நேராக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எத்தன நாளா?"

"ஆடிலருந்து."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

எழிலரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குள்ளம்மா ஆயா உன் பக்கத்துல ஒக்காந்து பேசிக்கினே வந்தது இதுக்குத்தான், அதுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. தெனமும் அந்த பஸ்லதானப்பா நான் இருக்கன்? என் ஃபிரண்ட்ஸெல்லாம் இருக்காங்க. எம்படிப்புக்கோசரம்னு சொல்லாத. அந்த மாதிரி ஒரு படிப்பு எனக்கு வேணும்னு நான் கேட்டனா?"

நல்லதுக்குத்தானே செய்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தது, அவள் சொல்லிக் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. நாலு நாள் அவள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் டெஸ்டுக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, அவளே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் சுமலதா வேலை என்னவென்று மறுபடியும் கேட்கவில்லை, மேனகாவே சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டாமல், பழைய சீட்டில் 'விவசாயம்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'பள்ளிக்கூட பஸ் டிரைவர்' என்று எழுதினாள்.

மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறது என்று ரிப்போர்ட் வந்தது.

டிரைவர் வேலை, அவன் பஸ்ஸை நிறுத்திய அன்றைக்கே போயிருந்தது. மேனகா இந்த வருஷம் முடிக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் வெங்கடாசலம். அடுத்த வருஷத்துக்கு மேனகா பாப்பிரெட்டிப்பட்டியில் சித்தி வீட்டில் தங்கி அரசுப் பள்ளியில் சேர்வதென்று முடிவானது. அவளே முடிவு செய்தாள், யாரிடமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இரவலாகக் கொடுத்த மெஷின் செங்கல் அளவு இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய், நுனியில் மூக்கையும் வாயையும் மூடும் கவசம், தலையைச் சுற்றிப் பட்டைகள். போட்டதும் யாரோ முகத்தை அமுக்குவதுபோல இருந்தது. பிடுங்கி எறிந்தான். திரும்பப் போட்டான். பத்து நாள் இதே போராட்டம். பிறகு ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. தலை கனக்கவில்லை. ஏதோ கனவுகூட வந்திருந்தது, என்னவென்று தெரியவில்லை. கனவு வந்து எத்தனை வருஷம் ஆகிறது? பக்கத்தில் எழிலரசி சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீ தூங்கலியா?"

"சத்தமே இல்லாம கெடந்தீங்க. பயந்துக்கினு அப்பப்ப மூக்குல கை வெச்சுப் பாத்துக்கினே இருந்தன்."

இப்போது அவன் இறக்கத்துக்கு மேலே ஒரு ஹாலோ பிளாக் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறான். காய வைத்த கற்களுக்கு நாள் முழுக்கக் குழாயை இழுத்துக்கொண்டு நடந்து தண்ணீர் பிடிக்கவேண்டும். எட்டு மாதத்தில் நூற்று மூன்று கிலோவுக்கு வந்துவிட்டான். சுகர் பாதியாகிவிட்டது. இனி வண்டி ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுத்தான். அதுவும் பிள்ளைங்க போற பஸ்ஸுக்கு இப்ப போட மாட்டன்."

"எட்டு மாசமா ஒரு வேள வயிறு நெறையத் தின்னதில்லைங்க நான்."

"தெரியும். இன்னும் பத்துக் கிலோ."

கோபத்தில் டெஸ்டுக்கான சீட்டை வாங்காமலேயே எழுந்து வந்துவிட்டான். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தே வந்தான். வழியில் ஒரு பரோட்டாக் கடை. கல்லில் எண்ணெய் பொரியும் வாசம் அவனைப் பிடித்து நிறுத்தியது. உள்ளே போய் உட்கார்ந்தும்விட்டான். இலையைப் போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். ரெண்டு நிமிஷம் அந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு டீ மட்டும் சொன்னான், சர்க்கரை இல்லாமல். கடைக்காரன் முறைத்துக்கொண்டே இலையை எடுத்துப் போனான். மறுநாள் போய்ச் சீட்டை வாங்கிக்கொண்டான்.

போன வாரம் அவன் கற்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் ஒரு மஞ்சள் பஸ் நின்றது. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற பஸ். ஆரோக்கியராஜ் இறங்கி வந்தான். கதவுக் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, மெல்ல இறங்கினான். அவனும் நூறு கிலோவுக்குக் குறையமாட்டான். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

"நல்லா எளச்சுட்டீங்கண்ணா" என்றான். அப்புறம் மழை வருமா என்று கேட்டான், கல் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டான். மாதவராஜ் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

"அண்ணா, வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்த டெஸ்டு எங்க எடுத்தீங்க?"

மாதவராஜ் அவன் கண்ணைப் பார்த்தான். ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"இப்ப எங்க போற?"

"வூட்டுக்குத்தாங்கண்ணா. எறக்கத்துக்குக் கீழ."

"பஸ்ஸ இங்கயே உட்டுட்டு டவுன் பஸ்ல போ. காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திரு, நான் நிக்கறன். ரத்தம் எடுப்பாங்க, வெறும் வயித்தோட வா."

"ஸ்கூலுக்கு என்னான்னு சொல்றதுங்கண்ணா?"

மாதவராஜ் யோசித்தான். சொல்வதற்குச் சுலபமான வழி எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பேசறப்ப நானும் கூட இருக்கன்" என்றான்.